ஆச்சி பதில்கள்: இந்த வாரம் முழுக்க கிமோனோ

போன இதழ்ல ஏதோ ஒரு பதிலுக்கு நடுவுல, ஜப்பான்காரங்க அவங்க பாரம்பரிய உடுப்பான கிமோனோ தைக்கும்போது துணியை வளைச்சு வெட்டவே மாட்டாங்க, எல்லாம் நேர்வெட்டுதான்னு போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடிச்சுக்கிட்டு இத்தனை பேர் எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்ல. அதனால இந்த வாரம் மூட்டுவலி, மருமக பஞ்சாயத்து, ஊறுகாய் பூசணம் எல்லாத்துக்கும் லீவு.

கேள்வி: ஆச்சி, எங்க வளவுல சுவர் பூரா ஜப்பான் டைல்ஸ். அடுக்கி வச்சிருக்கிற இனாமல் சட்டியிலயும் பாதி ஜப்பான்தான். இவ்வளவு சாமான் வந்திருக்கே, கிமோனோ மட்டும் ஏன் நம்ம பக்கம் வரல?
- ஒரு வாசகி, கானாடுகாத்தான்

டைல்ஸ் வந்ததுக்குக் காரணம் வீடு கட்டுற ஆசை. 1910லேர்ந்து 1930கள் வரைக்கும் ஜப்பான் கம்பெனிங்க இந்தியாவுக்குன்னே பூப்போட்ட டைல்ஸ், சாமி படம் போட்ட டைல்ஸ் எல்லாம் செஞ்சு அனுப்பினாங்க. எங்கயாவது ஒண்ணு பேந்து விழுந்தா பின்பக்கம் பாருங்க, டான்டோன்னு பேர் இருந்தா அது அவாஜி தீவுலேர்ந்து வந்தது. கிமோனோ வராததுக்குப் பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல ஆத்தா, நம்ம சித்திரை வெயில்ல லைனிங் வச்ச பட்டைப் போத்திக்கிட்டு, அதுக்கு மேல ஒரு அடி அகலத்துக்கு இடுப்புப் பட்டையும் சுத்திக்கிட்டு அடுப்படியில யார் நிக்கிறது?

ஆனா நீங்க கேக்காத இன்னொண்ணு இருக்கு, எனக்கு அதுதான் பிடிச்ச விஷயம். அங்கேர்ந்து இங்க வரலையே தவிர இங்கேர்ந்து அங்க போயிருக்கு, அதுவும் நம்ம அப்பச்சிமார் பர்மாவுக்குக் கப்பல் ஏறறதுக்கு ரொம்ப முன்னாடியே. டச்சுக்காரங்களுக்கு இந்தப் பக்கம் பழவேற்காடு, நாகப்பட்டினம், அந்தப் பக்கம் நாகசாகி. 1641க்கு அப்புறம் ரெண்டு நூறு வருஷத்துக்கும் மேல ஜப்பானுக்குள்ள வியாபாரம் பண்ண விட்ட ஒரே ஐரோப்பியக் கூட்டம் அவங்கதான், அதுவும் நாகசாகியில தேஜிமான்னு ஒரு குட்டித் தீவுல அடைச்சு வச்சுத்தான். அவங்க கப்பல்ல சோழமண்டலக் கரையோட கோடு போட்ட பருத்தித் துணியும், கையால சாயம் எழுதின பூத்துணியும் போச்சு. கோடு போட்ட துணிக்கு அங்க 'சாந்தோமே'ன்னே பேரு, நம்ம மயிலாப்பூர் சாந்தோம்தான் அது! எடோ நகரத்து மைனர்கள் (எடோன்னா இன்னைக்கு டோக்கியோ) அந்த மெல்லிசுக் கோட்டுத் துணியில கிமோனோ தைச்சுப் போட்டு அலட்டியிருக்காங்க. பூத்துணி விலை ஜாஸ்தி, அதை டீ சடங்குக்காரங்க துண்டு துண்டா வாங்கி டீத்தூள் குப்பிக்கு உறை தைச்சுப் பத்திரப்படுத்தியிருக்காங்க. நம்ம ஊர் நெசவாளி ஒருத்தருக்கும் தன் துணி எங்க போச்சுன்னே தெரிஞ்சிருக்காது.

இன்னொரு கூத்தையும் கேளுங்க. டச்சுக்காரங்களுக்கு ஜப்பான்ல பஞ்சு வச்ச பட்டு அங்கி பரிசாக் கிடைக்கும், அதை ஹாலந்துல பணக்காரங்க வீட்டுக்குள்ள போட்டுக்கறது பெரிய ஃபேஷன் ஆயிடுச்சு, எல்லாருக்கும் பத்தல, உடனே அதே வெட்டுல சோழமண்டலப் பூத்துணியில அங்கி தைக்க ஆரம்பிச்சுட்டாங்க. அப்படிப் பாத்தா கிமோனோ நம்ம கரையையும் ஒரு சுத்து சுத்திட்டுத்தான் போயிருக்கு.

கேள்வி: வணக்கம் ஆச்சி. நான் டெய்லர். வளைவு வெட்டு இல்லாம கழுத்தும் அக்குளும் எப்படி உக்காரும்? நம்பவே முடியல.
- தேவகோட்டை வாசகர்

தம்பி, கத்தரிக்கோலை வச்சுட்டு முதல்ல தறியைப் பாருங்க. அங்க ஒரு கிமோனோவுக்கான துணி ஒரே சுருளா வரும், அதுக்கு 'டான்'னு பேரு. அகலம் 36லேர்ந்து 38 சென்டிமீட்டர், நம்ம கணக்குல 14, 15 இஞ்ச், நீளம் சுமார் 12 மீட்டர். உக்காந்த இடத்துலேர்ந்து ஒரு கையால தறி நாடாவை (ஊடை நூல் சுத்தின கட்டை) விட்டு இன்னொரு கையால பிடிக்க வாகான அகலம் அது. பரப்பைப் பெருக்கிப் பாருங்க, நாலரை சதுர மீட்டருக்குப் பக்கத்துலதான் வரும், நம்ம ஐந்தரை மீட்டர் சேலை ஆறரைக்குப் பக்கத்துல வரும். அவ்வளவு ஆடம்பரமாத் தெரியுற உடுப்பு நம்ம சேலையை விடக் குறைச்சத் துணியிலதான் ஆகுது!

அந்தச் சுருளை எட்டு துண்டாக்குவாங்க, எட்டும் நீளச் சதுரம். உடம்புக்கு ரெண்டு, அது தோள் மேல மடிஞ்சு முன்பக்கம் பின்பக்கம் ரெண்டுக்கும் வந்துடும். கைக்கு ரெண்டு. முன்னாடி ஒண்ணு மேல ஒண்ணு படியறதுக்கு ஒடுக்கமா ரெண்டு. கழுத்துப் பட்டி ஒண்ணு, அது அழுக்காகாம மேல வைக்கிற பட்டி ஒண்ணு. கழுத்துக்குக் கீறி விட்டு மிச்சத் துணியை உள்ளயே மடிச்சுத் தைச்சிடுவாங்க, வெட்டி எறியறது கிடையாது. கை நுனியில வளைவா இருக்கே அதுகூட மடிப்புதான். அக்குளைப் பத்திக் கேட்டீங்களே, பொம்பளைங்க கிமோனோவுல அந்த இடத்துல தையலே கிடையாது, திறந்தேதான் இருக்கும், அதனாலதான் கையைத் தூக்க வருது. உயரம்? ஆளை விட நீளமாத்தான் தைப்பாங்க, மிச்சத்தை இடுப்புல ஒரு மடிப்பா மடிச்சுக் கயிறால கட்டிடுவாங்க. அம்மா கிமோனோ பொண்ணுக்கு சேர்றது இப்படித்தான், நம்ம கொசுவத்துல ரெண்டு மடிப்பு கூட்டிக் குறைக்கிற சமாச்சாரம். ஆம்பளை கிமோனோவுக்கு மட்டும் இந்த மடிப்பு இல்ல, அது ஆள் உயரத்துக்கே தைக்கணும்.

துண்டு எல்லாம் நேரா இருக்கிறதோட முழு லாபம் துவைக்கும்போதுதான் தெரியும். நல்ல பட்டு கிமோனோவைப் பழைய முறையில துவைக்கணும்னா தையல் எல்லாத்தையும் பிரிச்சு, எட்டு துண்டையும் வரிசையா ஒட்டவச்சுத் தைச்சு, மறுபடி ஒரே நீளத் துணியாக்கி, துவைச்சு, கஞ்சி போட்டு, ரெண்டு முனையிலயும் ஊசி வச்ச மெல்லிசு மூங்கில் குச்சிங்களைக் குறுக்க வரிசையா மாட்டி விறைப்பா இழுத்துக் காயவைப்பாங்க. காஞ்சப்புறம் திரும்பத் தைக்கலாம், வேற கலர்ல சாயம் முக்கலாம், வெளுத்த பக்கத்தை உள்ள தள்ளி நல்ல பக்கத்தை வெளிய கொண்டு வரலாம். அம்மா போட்டது நைஞ்சா பிள்ளைக்கு, அதுவும் நைஞ்சா மெத்தை உறை, அப்புறம் கிழிச்சு நாடாவாக்கி அதையே குறுக்கு நூலாப் போட்டு முரட்டுத் துணி நெய்வாங்க. வளைவா வெட்டின துணியில இதெல்லாம் நடக்குமா, நீங்களே சொல்லுங்க தம்பி. என்னைக் கேட்டா கிமோனோவோட கலை பூ டிசைன்ல இருக்கிறதை விட இந்தக் கணக்குலதான் ஜாஸ்தி இருக்கு.

கேள்வி: கிமோனோ எத்தனை ஆயிரம் வருஷப் பழசு ஆச்சி? என் பேரன் ஆதிகாலத்துலேர்ந்து இப்படியேதான் இருக்குங்கிறான்.
- பள்ளத்தூர் வாசகி

பேரன்கிட்ட பந்தயம் கட்டுங்க, நீங்கதான் ஜெயிப்பீங்க. இடது பக்கம் வலது மேல வரணும்ங்கிற விதி மட்டும் பழசு, 719ல அரசாங்கமே சட்டம் போட்டிருக்கு, அதுவும் சீனாவைப் பாத்துப் போட்டது. மத்தபடி மாறிக்கிட்டேதான் வந்திருக்கு. 794க்கு அப்புறம் கியோட்டோ அரண்மனைப் பொம்பளைங்க அடுக்கடுக்கா அங்கி போட்டாங்க, கை ஓரத்துல ஒவ்வொரு அடுக்கும் நூலிழை அகலத்துக்கு எட்டிப் பாக்கும், எந்தக் கலருக்கு அடுத்து எந்தக் கலர்ங்கிறதுலதான் ரசனையே, அதுல தப்பு பண்ணினா ஊரே பேசும். அந்த அடுக்குக்கெல்லாம் உள்ள சின்ன வாய் வச்ச கையோட ஒரு சாதாரண உள்ளாடை இருந்துச்சு, கொசோதேன்னு. அரண்மனை மவுசு போய்ப் போர்வீரங்க கை ஓங்கினப்புறம் மேல் அடுக்கெல்லாம் ஒவ்வொண்ணாக் கழண்டு, 16ஆம் நூற்றாண்டு வாக்குல அந்த உள்ளாடையே வெளியாடை ஆயிடுச்சு. இன்னைக்கு நாம பாக்கிற கிமோனோ அதோட வாரிசு. ஓபிங்கிற இடுப்புப் பட்டையும் முதல்ல ஒடுக்கமாத்தான் இருந்துச்சு, முன்னாடி, பக்கத்துல, பின்னாடின்னு அவங்கவங்க இஷ்டத்துக்குக் கட்டினாங்க. இப்போ முதுகுல பெட்டி மாதிரி உக்காருதே அந்த முடிச்சு 1817ல எடோவுல கமெய்தோ கோயில் பாலத் திறப்பு விழாவுக்கு கெய்ஷாப் பொண்ணுங்க (விருந்துல ஆடிப் பாடுறவங்க) கட்டிட்டுப் போய்ப் பிரபலமானதுன்னு சொல்லுவாங்க.

கேள்வி: பொண்ணுக்கு ஸ்கூல்ல ஃபேன்ஸி டிரஸ், ஜப்பான் பொண்ணு வேஷம். என்ன கவனிக்கணும்?
- புதுவயல் அம்மா ஒருத்தர்

மேல சொன்ன அதே விஷயம்தான், போட்டுக்கிறவங்களோட இடது பக்கம் மேல வரணும். வலது மேல வந்தா அது அங்க சவத்துக்குப் போடுற முறை, பிள்ளைக்கு அப்படிப் போட்டு விட்றாதீங்க. தலையில குச்சி எல்லாம் உங்க சௌகரியம்.

கேள்வி: கிமோனோல இருக்கிற அந்த ஓவியம் பெயின்டிங்கா, பிரிண்டா, நெசவா? எம்பிராய்டரியா?
- காரைக்குடி கல்லூரி மாணவி

எல்லாமே இருக்கு ஆத்தா, ஆனா நீ படத்துல பாத்திருப்பே பாரு, ஒரு பூக்கிளை தோள்ல ஆரம்பிச்சு முதுகு வழியா வழிஞ்சு கீழ ஓரம் வரைக்கும் தையல்ல எங்கயும் உடையாமப் போகும், அது பெரும்பாலும் யூசென். 17ஆம் நூற்றாண்டுக் கடைசியில கியோட்டோவுல விசிறிக்குப் படம் எழுதிட்டு இருந்த மியசாகி யூசென்சாய்ங்கிறவர் பேரால வந்தது. அதுக்கு முன்னாடி அரசாங்கம் வியாபாரிங்க மேல ஒரு சட்டம் போட்டு வச்சிருந்துச்சு, 1683ல, தங்க ஜரிகை கூடாது, கெட்டி எம்பிராய்டரி கூடாது, உடம்பு பூரா முடிச்சுச் சாயம் கூடாதுன்னு. காசு இருக்கு, போட முடியல. அந்த நேரத்துல ஜரிகையே இல்லாம வெறும் சாயத்துல இவ்வளவு அழகு வந்தா விடுவாங்களா?

வேலை எப்படின்னு சொல்றேன். வெள்ளைப் பட்டை முதல்ல கிமோனோவா லேசா ஒட்டுத் தையல் போட்டுக்குவாங்க, அது மேல ஒரு நீலப் பூவோட சாறால படம் எழுதுவாங்க, தண்ணி பட்டா அந்தக் கோடு மறைஞ்சுடும். தையலைத் தாண்டிப் படம் ஓடறது இப்படித்தான். அப்புறம் பிரிச்சுடுவாங்க. ஒட்டுற வகை அரிசி மாவும் தவிடும் சேர்த்து அவிச்ச பசையை (நம்ம கவுனி அரிசியும் ஒட்டுற வகைதான், ஆனா அதை நாம தின்னுடுவோம்) மருதாணி கோன் மாதிரி ஒரு காகிதக் கூம்புல நிரப்பி, எழுதின கோட்டு மேல நூல் கனத்துக்குப் பிழிஞ்சுக்கிட்டே போவாங்க. அந்தப் பசைக் கோடு வரப்பு, சாயம் அதைத் தாண்டாது. உள்ள தூரிகையால கலர் கலரா நிரப்பிட்டு, படம் முழுக்கப் பசை பூசி மூடி, மிச்சத் துணிக்குப் பின்னணிச் சாயம். ஆவியில வேகவச்சுச் சாயத்தைப் பிடிக்கவச்சு, ஓடுற தண்ணியில அலசுவாங்க. பசை கரைஞ்ச இடத்துல மெல்லிசு வெள்ளைக் கோடு மிஞ்சும், அந்தக் கோட்டைப் பாத்தா யூசென்னு கண்டுபிடிச்சிடலாம். முன்னாடி கியோட்டோவுல காமோ ஆத்துலயே அலசினாங்க, ஆறு கெட்டுப் போகுதுன்னு நிறுத்திட்டாங்க. இதுலயே கனசாவா ஊர்ப் பாணி வேற, அங்க இலை வரைஞ்சா பூச்சி அரிச்ச ஓட்டையையும் சேர்த்து வரைவாங்க, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்.

நெசவுன்னா கியோட்டோவுல நிஷிஜின் பேட்டை, ஓபிக்குப் பேர் போன இடம். 1467லேர்ந்து 1477 வரைக்கும் பத்து வருஷம் ஊர்ல சண்டை, நெசவாளிங்க ஓடிப் போயிட்டு, முடிஞ்சு திரும்பி வந்து மேற்குப் படை முகாம் போட்டிருந்த இடத்துலயே தறி போட்டாங்க. தலைநகரம் டோக்கியோவுக்குப் போனப்புறம் வியாபாரம் படுத்துச்சு, 1872ல மூணு பேரை பிரான்ஸ் லியோனுக்கு அனுப்பி ஜக்கார்டு தறியைக் கத்துட்டு வரச் சொன்னாங்க. நம்ம காஞ்சிபுரத்துல பெட்டி போட்ட தறி இருக்கே, அதேதான்.

அமாமி தீவுல இன்னொரு வேலை, நூலை ஒரு மரக் கஷாயத்துல திரும்பத் திரும்ப ஊறவச்சு, இரும்புச் சத்து இருக்கிற சேத்து வயல்ல இறங்கி முக்கி எடுப்பாங்க, கஷாயத்தோட துவர்ப்பும் சேத்து இரும்பும் சேர்ந்து ஒரு கறுப்பு வரும், வேற எதுலயும் அந்தக் கறுப்பு வராது. எல்லாத்தையும் எழுதினா ஆசிரியர் என்னைத் திட்டுவார்.

கேள்வி: எங்க வீட்டுப் பெட்டகத்துல ஒரு பட்டு அங்கி இருக்கு. முதுகுல டிராகன் எம்பிராய்டரி, இடுப்புக்கு அதே துணியில ஒரு பெல்ட். ஐயா கொண்டுவிக்கப் போனப்போ பினாங்குலேர்ந்து கொண்டு வந்ததுன்னு ஆயா சொல்வாங்க. கிமோனோதானே?
- கோட்டையூர் வாசகர்

பாக்காம அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா நீங்க சொல்றதைப் பாத்தா வெளிநாட்டுக்காரங்களுக்குன்னே செஞ்ச வீட்டு அங்கியாத்தான் இருக்கும். 19ஆம் நூற்றாண்டுக் கடைசியிலேர்ந்து யோகோஹாமா மாதிரி துறைமுகத்துலேர்ந்து இப்படி நிறைய ஏற்றுமதி ஆச்சு. நீங்களே சோதிக்கலாம். நடு முதுகுல மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு தையல் ஓடுதா? 15 இஞ்ச் துணியில தைச்சா அது இல்லாம முடியாது. பொம்பளை உடுப்புன்னா அக்குள் திறந்திருக்கா? பக்கவாட்டுல முக்கோணத் துண்டு சொருகியிருந்தா அது வெள்ளைக்காரம்மா பாவாடை மேல போடத் தைச்சது. அதே துணியில பெல்ட் இருக்குன்னு சொன்னீங்களே, அங்கதான் எனக்கு சந்தேகமே, ஓபி எப்பவும் தனி நெசவு, தனி டிசைன், நாலு மீட்டருக்குப் பக்கத்துல நீளம். கிமோனோ இல்லன்னா மதிப்பு இல்லன்னு நினைச்சு எடைக்குப் போட்றாதீங்க, நம்ம காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடையில கேட்டா மொத விலையை நம்பவும் நம்பாதீங்க.

கேள்வி: ஆன்லைன்ல கிமோனோ ஷ்ரக்னு 600 ரூபாய்க்கு விக்கிறாங்களே?
- பொன்னமராவதி வாசகி

முன்னாடி திறந்த சட்டை. வெயிலுக்கு நல்லாருந்தா போட்டுக்கோ.

கேள்வி: ஆம்பளைங்களுக்கு அழகே கிடையாதா, எப்பவும் கறுப்பும் சாம்பலும்தானா?
- காரைக்குடி வாசகர்

உள்ள பாக்கணும் அண்ணே. முன்ன சொன்ன ஆடம்பரச் சட்டத்தோட இன்னொரு விளைவு இது. வெளிய சாதுவா கோடு போட்ட துணி, மேல் அங்கியோட லைனிங்ல மட்டும் புலி, மலை, அலைன்னு அமர்க்களப்படுத்தியிருப்பாங்க, கழட்டி வைக்கும்போது பக்கத்துல இருக்கிறவன் கண்ணுல படும், அவ்வளவுதான். சாமுராய் உடுப்புல பொடிப் புள்ளி டிசைன் வரும், தூரத்துலேர்ந்து பாத்தா வெறும் ஒத்தைக் கலர், கிட்ட வந்தா ஆயிரக்கணக்குல புள்ளி. ஈசே பக்கத்துல சீமைப்பனிச்சை (பெர்சிமன்) காய்ச் சாறு பூசி ஒட்டின காகிதத்துல கையால ஒவ்வொரு புள்ளியாக் குத்தி அச்சு செய்வாங்க, அதை வச்சுத்தான் பசை இழுப்பாங்க.

கேள்வி: நம்ம கண்டாங்கி சாகுது, உங்களுக்கு ஜப்பான் துணி கேக்குதா?
- பேர் வேண்டாம், கண்டனூர்

கோபம் நியாயம்தான். கண்டாங்கிக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சுச்சு, அன்னைக்கு எல்லாரும் ஃபோட்டோ போட்டோம், அதுல எத்தனை பேர் போய் ஒரு சேலை எடுத்தோம்? அதனாலதான் கிமோனோவைப் பத்திப் பேசணும்ங்கிறேன். மரியாதைக்கு அங்க குறைச்சலே இல்ல. 1950ல சட்டம் போட்டு, 1955லேர்ந்து பெரிய கைவினைக்காரங்களுக்கு 'வாழும் தேசியச் சொத்து'ன்னு பட்டம் கொடுக்கிறாங்க, யூசென்ல மோரிகுச்சி காகோவுக்கு 1967ல, அவர் மகன் குனிஹிகோவுக்கு 2007ல, அப்பா மகன் ரெண்டு பேருக்குமே கிடைச்சிருக்கு. அப்படியும் போடுறவங்க குறைஞ்சுட்டாங்க. ஏன்னா, தினம் போட்ட உடுப்பு விசேஷ உடுப்பு ஆயிடுச்சு. கல்யாணம் ஆகாதவளுக்கு நீளக் கை, ஆனவளுக்குக் குட்டைக் கை, ஜூன்ல லைனிங் இல்லாதது, ஜூலை ஆகஸ்ட்ல வலை மாதிரி நெசவு, அக்டோபர்ல திரும்ப லைனிங், குடும்ப முத்திரை அஞ்சா மூணா ஒண்ணான்னு அதுக்கொரு கணக்கு. விதி ஜாஸ்தி, விலை அதை விட ஜாஸ்தி, கட்டத் தெரியாம கட்டிவிட கிளாஸ் நடக்குது. இருபது வயசு நிறைஞ்ச பொண்ணுங்க ஜனவரி விழாவுக்கு வாடகைக்கு எடுத்து ஒரு நாள் போட்டுட்டுத் திருப்பிக் கொடுக்கிறாங்க.

வியாபாரம்னா நம்ம ஆளுங்க ரசிக்கிற கதை ஒண்ணு இருக்கு. 1673ல எடோவுல எச்சிகோயான்னு ஒரு துணிக்கடை திறந்தாங்க. மத்த கடையெல்லாம் பெரிய வீட்டுக்குக் கடனுக்குக் கொடுத்து, வட்டியையும் வாராக் கடனையும் விலையில ஏத்தி விப்பாங்க, முழுச் சுருளாத்தான் கொடுப்பாங்க. இவங்க கைல காசு, எல்லாருக்கும் ஒரே விலை, வேணும்ங்கிற அளவு வெட்டித் தர்றதுன்னு ஆரம்பிச்சாங்க, சாதாரண ஜனம் உள்ள வந்துச்சு. இன்னைய மிட்சுகோஷிங்கிற பெரிய கடை, மிட்சுயிங்கிற கம்பெனிக் குழுமம் எல்லாம் அதுலேர்ந்து வந்ததுதான். கண்டாங்கியை தினம் கட்டுற மாதிரி, தினம் வாங்குற விலையில எவன் விக்கிறானோ அவன்கிட்ட நான் எடுத்துக்கிறேன், பட்டுக் கண்டாங்கி பத்திரிகைக்கு அழகா இருக்கு, என் பர்ஸுக்கு இல்ல.

கேள்வி: மகன் ஒசாகாவுல இருக்கான், போகப்போறோம். ஒரு கிமோனோ வாங்கணும், ஏமாறாம எப்படி?
- திருப்பத்தூர் வாசகி

புதுசு வேண்டாம், பட்டுல நல்லதுன்னா லட்சக்கணக்கான யென்னுக்குப் போகும். கியோட்டோவுல மாசா மாசம் 21ஆம் தேதி தோஜி கோயில் சந்தை, 25ஆம் தேதி கித்தானோ தென்மான்கு கோயில் சந்தை, ரெண்டுலயும் பழைய கிமோனோ குவிச்சு வச்சிருப்பாங்க, சிலது நம்ம கைத்தறிச் சேலையை விடக் குறைச்ச விலைக்குக்கூட வரும். முதுகெலும்புலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் உங்க அளவை எடுத்துட்டுப் போங்க, பழசெல்லாம் கை குட்டையா இருக்கும். கழுத்துப் பட்டியிலயும் அக்குள்லயும் கறையைப் பாருங்க. ஓபி தனியா வாங்கணும், சில சமயம் அதுதான் விலை ஜாஸ்தி. உள்ள செக்கச்செவேல்னு லைனிங் இருந்தா அது குசும்பப் பூச் சாயமா இருக்கலாம், ரெண்டாம் உலகப் போருக்கு முந்தினது, வீட்டுக்கு வந்து தண்ணியில மட்டும் முக்கிறாதீங்க, வெளித்துணி பூரா சிவப்பு ஏறிடும்.